ஒலிவாங்கி

என் பெயர் முடிகிற இடத்தில்
உதடு ஒருமுறை ஒட்டிப் பிரியும்.
ஜெசிமா.
அதை வைத்துத்தான் எழுந்து நிற்பேன்.
சும்மா என்பதற்கும் அப்படியே ஒட்டிப் பிரியும்.
யாரையோ அதட்டும்போதெல்லாம்
நான் எழுந்து நின்றேன்.
வகுப்பு சிரிக்கும்.
சிரிப்பு மட்டும் பார்த்தவுடன் புரிந்துவிடும்.

புக்கிட் பாஞ்சாங், நான்காம் மாடி.
தொடக்கநிலை ஐந்து, தமிழ் வகுப்பில் ஒன்பது பேர்.
திருவாட்டி மங்கையர்க்கரசியின் கழுத்தில் என் ஒலிவாங்கி,
அடையாள அட்டைக்கும் தாலிக்கொடிக்கும் நடுவே.
வெண்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவார்.
குரல் வரும், வாய் வராது.
வாய் வந்தாலும் என்ன,
படமும் மடமும் பணமும் மணமும்
உதட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
லகரம் ளகரம் ழகரம் மூன்றும்
பல்லுக்குப் பின்னால் கதவடைத்துக்கொண்டு
நடக்கிற சமாச்சாரம்.
சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று.
ஒருமுறை ஏழு.
அன்று இளமாறன் தாளைப் பார்த்து எழுதினேன்.

பிப்ரவரியோ மார்ச்சோ, ஒரு செவ்வாய்.
பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.
ஒலிவாங்கியை அணைக்கவில்லை.
என் காதுக்குள் அவர் படியிறங்கினார்.
செருப்பு. சாவிக்கொத்து. குழாய்த் தண்ணீர்.
யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும்,
அது எனக்கு எட்டவில்லை.
அவர் பதில் மட்டும்:
"யாரு, ஜெசிமாவா? நல்ல புள்ள. பாவம்.
இவ்வளவு கஷ்டப்பட்டு அதுக்கு எதுக்குத் தமிழு?
தாய்மொழி விலக்குக்கு எழுதிப் போட்டுடலாம்.
அந்த நேரத்துல கணக்கு பாக்கட்டும்.
நமக்கும் சராசரி..."
பிறகு மறுபடி தண்ணீர்.

எட்டுப் பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.
பதினொரு வயதுவரை என் காதில் விழுந்த தமிழில்
இவ்வளவு தெளிவாக வேறொன்று விழுந்ததில்லை.
ஒரு மெய்யெழுத்துகூடச் சிந்தவில்லை.
பாவம் எனக்கு மாவம் என்று கேட்கவில்லை.
கருணையோடுதான் சொன்னார்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்தவர் கதவருகே நின்று
கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.
பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்:
கோடிட்ட இடத்தை நிரப்புக.

இரண்டு வாரத்தில் படிவம் வீட்டுக்கு வந்தது, ஆங்கிலத்தில்.
அம்மா என்னைத்தான் படித்துச் சொல்லச் சொன்னாள்.
"நல்லதாம்மா இது?"
"பள்ளிக்கூடத்துல நல்லதுன்னு சொல்றாங்க."
கையெழுத்துப் போட்டாள்,
அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்தில்.
தமிழில்.

அதன்பிறகு அந்த நேரமெல்லாம் நூலகம்.
கணக்கு ஒன்றும் பார்க்கவில்லை.
எதிரே ஜுன் ஹாவ், சீனத்திலிருந்து விலக்கு.
அவனுக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காதாம்.
காது என்பதைச் சீனத்தில் எப்படி எழுதுவது என்று
வரைந்து காட்டினான்.
படி உடைந்த ஏணி மாதிரி இருந்தது.
நான் ழ போட்டேன்.
நாற்காலியா என்றான்.
வாய்விட்டுச் சிரித்தோம்.
நூலகர் நிமிர்ந்து புன்னகைத்தார்.
விலக்குப் பெற்றவர்களை யாரும் அதட்டுவதில்லை.

ஒரு வியாழக்கிழமை
காதுக்குள் கரகரப்பு.
பிறகு அவர் குரல், இரண்டு மாடி மேலேயிருந்து.
அறிவியல் ஆசிரியரிடம் இருக்க வேண்டிய ஒலிவாங்கி.
மறந்து மாட்டினாரா, தெரிந்தே மாட்டினாரா,
இன்றுவரை கேட்டதில்லை.
சொல்வதெழுதுதல் நடந்துகொண்டிருந்தது.
ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொன்னார்.
நடுநடுவே அறுந்தது.
ஜுன் ஹாவிடம் ஒரு தாள் கிழித்து வாங்கினேன்.
நான்காவது சொல்
மலையோ மழையோ.
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
மலாயில் குன்று என்று பெயர் வைத்த ஊர்.
குன்று சன்னலில் அகப்படவில்லை.
எதிர் புளோக்கில் துணிக்கம்பங்கள்,
நல்ல வெயில்.
இரண்டையும் எழுதினேன்.